ஏழாவது தகரம்

"காணாமல் போனது ஒரு தகரம்" என்றார் விஜயகுமார்.

எஸ்தர் பேனாவின் மூடியைத் திறக்கவில்லை. ரஃபியா திறந்த வாயை மூடவில்லை.

"தகரம்னா டப்பாவா, டின்னா, கூரைத் தகரமா?"

விஜயகுமார் ரஃபியாவைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துப் பதில் சொன்னார். பெண்களிடம் பேசும்போது சுவரைப் பார்ப்பது அவருடைய வழக்கம். உத்தமபாளையம் கோர்ட்டுக்கு எதிரே, ஜெராக்ஸ் கடையின் மாடியில் இருந்த அந்தத் துப்பறியும் ஆபீசில் இருந்தது இரண்டே பெண்கள். அதனால் அவர் வந்ததிலிருந்து சுவர்தான் அதிகம் கவனிக்கப்பட்டது.

"தகரம் இல்லம்மா அது. பதினெட்டு கேஜ் ஸ்டீல். உங்களுக்குப் புரியட்டும்னுதான் தகரம்னு சொன்னேன்."

"புரிஞ்சுருச்சுய்யா" என்றாள் ரஃபியா. "தகரம்."

விஜயகுமாருக்குக் கம்பத்தில் ஒரு பங்களாவும், சுருளிப்பட்டிப் பக்கம் திராட்சைத் தோட்டமும் உண்டு. இரண்டையும் விட அவர் பெருமையாகச் சொல்வது 1962-ஆம் வருடத்து அம்பாசடர் கார் ஒன்றை. அதற்கு மகாராணி என்று பெயர் வைத்திருந்தார். வருகிற ஞாயிற்றுக்கிழமை மதுரையில் பழைய கார்களின் கண்காட்சி. மகாராணி போக வேண்டும். ஆனால் மகாராணியின் தரை துருப்பிடித்துச் சல்லடையாகி இருந்தது. மேலே பெயிண்ட்டு, உள்ளே வெல்வெட்டு, காலுக்குக் கீழே ஓட்டை.

"ராயப்பன்பட்டி ரோட்டுல ஒரு பொம்பள டிங்கர் வேலை பாக்குது. லூர்து மேரின்னு பேரு. தேனியில கேட்டா ஒரு மாசம்ங்குறாங்க. இது பத்து நாள்ல முடிச்சுத் தாரேன்னுச்சு. துருப்பிடிச்ச தரையை வெட்டி எடுத்துட்டு, புதுத் தகட்டை வச்சு வெல்டிங் பண்ணணும். ஒம்பது நாளா அங்கனயே ஸ்டூலைப் போட்டு உக்காந்து பாத்தேன். வெட்டுனது ஏழு துண்டு. ஏழையும் எங்கிட்டத் தரணும்னு முதல் நாளே சொல்லிட்டேன். வந்தது ஆறு."

"ஒம்பது நாளும் உக்காந்திருந்தீக. அப்புறம் எப்படிப் போச்சு?"

"வெள்ளிக்கிழமை ஒரு கல்யாணத்துக்குப் போயிட்டேன். அன்னைக்குத்தான் பின்சீட்டு இடப்பக்கத்தை வெட்டியிருக்கு. கேட்டா தொலஞ்சு போச்சுங்குது."

எஸ்தர் முதல் முறையாக வாய் திறந்தாள். "துருப்பிடிச்ச துண்டு உங்களுக்கு எதுக்கு?"

"அசல்ம்மா! அறுபத்து ரெண்டாம் வருசத்து அசல் ஸ்டீல். கண்காட்சியில நடுவர்கள் கேட்டா காட்டணும்ல? இதெல்லாம் ரசிக்கத் தெரிஞ்சவங்களுக்குத்தான் புரியும்." சட்டைப் பட்டனைத் திறந்து கழுத்துச் சங்கிலியை வெளியே எடுத்தார். முனையில் ஒரு சாவி தொங்கியது. "எங்கப்பா தவறுன அன்னைக்கு, தொண்ணூத்தெட்டுல ஷெட்டைப் பூட்டுனேன். இந்த மாசம் லாரியில ஏத்துற வரைக்கும் மகாராணி ஒரு அடி நகரல. உலகத்துலயே ஒரே சாவி. என் நெஞ்சுல இருக்கு. வேற ஒருத்தன் கை ஸ்டீயரிங்ல பட்டதில்ல."

"பொண்டாட்டி தாலி கட்டிக்கிட்ட மாதிரி நீங்க கட்டியிருக்கீக" என்றாள் ரஃபியா.

அவர் சுவரிடம் மேலும் கடுமையானார். "இன்னைக்குச் சாயங்காலம் நாலு மணி வரைக்கும் டயம். துண்டு கைக்கு வரலேன்னா அந்தப் பொம்பள மேல திருட்டு கேஸ். பட்டறைக்குப் பூட்டு. கேஸ் சிலிண்டர் மொதக்கொண்டு எல்லாம் போகும்."

"நேராப் போலீசுக்கே போயிருக்கலாமே?" என்றாள் எஸ்தர்.

"பாவம், பொம்பளைன்னு ஒரு இரக்கம்."

அவர் படியிறங்கிப் போனதும் ரஃபியா குனிந்து மேஜைக்கு அடியில் தேடினாள்.

"என்ன தேடுற?"

"இரக்கம்னாரே, அதைக் கீழ போட்டுட்டுப் போயிட்டாரோன்னு பாக்குறேன்."

எஸ்தர் இருபது வருடம் ஒரு இன்சூரன்ஸ் கம்பெனியில் இடிபட்ட வண்டிகளைப் பார்வையிட்டு, பொய் சொல்பவர்களைக் கேட்டுக் கேட்டுச் சலித்து, வேலையை விட்டு வந்தவள். பொய்யர்களுக்கு ஒரு பொதுவான குணம் உண்டு என்று அவள் சொல்வாள். அவர்கள் போலீஸ், போலீஸ் என்பார்கள். ஆனால் போக மாட்டார்கள்.

"கிளம்பு. குப்பையத் தேடுற பணக்காரனை நான் இப்பத்தான் பாக்குறேன்."

*

எஸ்தரின் ஆம்னி வேனுக்கு வயது அதிகம். போன வாரம் வரை, ரஃபியாவின் காலுக்குக் கீழே ஒரு முழ அகலத்துக்கு ஓட்டை இருந்தது. அதன் வழியாக அவள் ரோடு, சாணி, ஒரு தடவை ஓணான் எல்லாம் பார்த்திருக்கிறாள். வெள்ளிக்கிழமைதான் லூர்து மேரி அதை அடைத்துக் கொடுத்திருந்தாள்.

"ஆ!" என்று ரஃபியா காலைத் தூக்கினாள். "இந்த ஸ்க்ரூ மறுபடி செருப்பைக் கிழிச்சிருச்சு. நாலு மூலைக்கு நாலு ஸ்க்ரூ. வெல்டிங் வச்சா தையல் போட்ட மாதிரி வைக்கிற லூர்து மேரியக்கா, நமக்கு மட்டும் செருப்புக் கடைக்காரன்கிட்ட கமிஷன் வாங்கியிருக்கு."

"அவசரமா இருந்திருக்கும்" என்றாள் எஸ்தர், கியரை மாற்றியபடி. அந்தக் கணத்தில் தமிழ்நாட்டிலேயே மட்டமான துப்பறிவாளர் தான்தான் என்பது அவளுக்குத் தெரியாது.

பட்டறை, ராயப்பன்பட்டி ரோட்டில், வீட்டை ஒட்டிய ஒரு ஷெட். 'லூர்து மாதா டிங்கரிங் ஒர்க்ஸ்' என்று பலகை. வாசலில் இரும்பு ஸ்டூல். உள்ளே மகாராணி நான்கு கட்டைகளின் மேல் நின்றுகொண்டிருந்தாள். கதவு பளபளத்தது. கதவைத் திறந்தால் பின்சீட்டும் இல்லை, தரையும் இல்லை. நேராகக் கீழே மண் தெரிந்தது. இடது பக்க முன்விளக்கு புதுசாக மின்ன, வலது விளக்கு மங்கிக் கிடந்தது.

"கெழவிக்கு ஒரு கண்ணுக்கு மட்டும் ஆபரேஷன் பண்ணியிருக்காக" என்றாள் ரஃபியா.

காருக்கு அடியிலிருந்து லூர்து மேரி வெளியே வந்தாள். நெற்றியில் கறுப்புக் கண்ணாடி, கையில் சுத்தியல். நாற்பது வயது. அவள் இவர்களைப் பார்த்ததும் முகத்தில் ஏதோ ஒன்று எழுந்து, எஸ்தர் பேசத் தொடங்கியதும் அணைந்தது.

"விஜயகுமார் சொல்லி வந்தோம். ஏழாவது துண்டு..."

"அவுக ஆளாத்தான் வந்தீகளா?" லூர்து மேரி மறுபடி காரின் பக்கம் திரும்பி, மிச்சமிருந்த பழைய தகட்டைச் சுத்தியலால் தட்டத் தொடங்கினாள். டங், டங் என்று வந்த சத்தம் ஓரிடத்தில் டொப்பென்று செத்தது. அங்கே சாக்கட்டியால் கோடு போட்டாள். "இப்படித்தான். தட்டிக்கிட்டே போகணும். சத்தம் செத்த எடம் வரைக்கும் வெட்டிறணும். மேல பெயிண்ட்டு நல்லாத்தான் இருக்கும். ஏழு துண்டு வெட்டுனேன். ஆறு குடுத்தேன்."

"ஏழாவது?"

"தொலஞ்சு போச்சு."

"நாலு மணிக்குக் கேஸ் குடுக்கப் போறாராம். பட்டறையே போயிரும்."

"போகட்டும்."

வீட்டுக்குள்ளிருந்து ரேடியோ சத்தம் கேட்டது. அவளுடைய கணவன் மரிய ஜோசப் அங்கே கட்டிலில் கிடந்தான். பட்டறை அவனுடையது. போன வருடம் ஆகஸ்ட்டில், விடியற்காலையில் சுருளிப்பட்டி ரோட்டில் சைக்கிளில் போனவனை ஒரு கார் இடித்துத் தள்ளிவிட்டு நிற்காமல் போய்விட்டது. இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இல்லை. வட்ட விளக்கு வைத்த பழைய மாடல் கார் என்று மட்டும் அவனால் சொல்ல முடிந்தது. அந்த மாதிரிக் கார் கம்பம் பள்ளத்தாக்கில் மூன்று பேரிடம் இருந்தது. மூன்று பேரும் வண்டி ஓடும் நிலையில் இல்லை என்று எழுதிக் கொடுத்தார்கள்.

"அண்ணனோட கேஸ் என்னாச்சுக்கா?" என்று ரஃபியா தாழ்ந்த குரலில் கேட்டாள்.

"வர்ற திங்கக்கிழமை கோர்ட்டுல மூடிருவாகளாம். இடிச்சது யாருன்னே தெரியலைன்னு எழுதிட்டாக." சுத்தியல் ஒரு கணம் நின்றது. "புது இன்ஸ்பெக்டரம்மா நல்லவுகதான். ஏதாச்சும் இருந்தாக் குடு, மூடாம நிறுத்துறேன்னாக. ஏதாச்சும் இருக்கணும்ல."

அவர்கள் கிளம்பும்போது, லூர்து மேரியே ஒரு கேள்வி கேட்டாள்.

"உங்க வண்டித் தரை எப்படி இருக்கு?"

"ஸ்க்ரூ குத்துதுக்கா."

"குத்தட்டும். குத்துனாத்தான் மனுசங்க குனிஞ்சு பாப்பாக."

*

பள்ளத்தாக்கில் துருப்பிடித்த தகரத்தை வாங்குபவர்கள் நிறையப் பேர். ஆனால் கேள்வி கேட்டால் பதில் சொல்பவர் சின்னமனூர் நூர் முகம்மது ஒருவர்தான். பழைய இரும்புக் கடை. மேகமலைப் பக்கம் மேகம் இறங்கியிருந்தது. கடைக்குள் பழைய பீரோக்களின் நடுவே, அவர் ஒரு காரின் முன்சீட்டில் ராஜாவைப் போல உட்கார்ந்திருந்தார்.

"வாம்மா எஸ்தரு. ஏ ரஃபியா, உங்கத்தா நல்லாருக்காகளா?"

"நல்லாருக்காக பெரியத்தா. ஒரு தகரம் தேடி வந்தோம்."

நூர் முகம்மது தன்னைச் சுற்றி மலையாகக் கிடந்த தகரத்தைக் கைகாட்டினார். "எது வேணும்னு சொல்லு. கட்டித் தாரேன்."

"கம்பம் விஜயகுமார் காரோடது."

அவர் முகத்தில் சிரிப்பு மெதுவாகப் பரவியது. "அந்த மனுசனா? சனிக்கிழமை காலையில கடை தெறக்குறதுக்கு முந்தியே வந்து நின்னாக. வெள்ளை வேட்டி, சென்ட்டு வாசம். எங்கடைக்கு வந்து பொண்ணு கேக்கப் போறாகளோன்னு பயந்துட்டேன். பாத்தா, வேட்டிய மடிச்சுக் கட்டிக்கிட்டு அந்தக் குப்பையில எறங்குறாக! ஒரு மணி நேரம் கையால கிளறுனாக. விரல்ல ரத்தம். ஒரு துண்டு வந்துச்சான்னு கேக்குறாக. வரலைன்னேன். ஞாயித்துக்கிழமையும் வந்தாக. மறுபடி கிளறுனாக."

"ஏழாவது துண்டுக்காக" என்றாள் எஸ்தர்.

"ஏழாவதோ எட்டாவதோ. ஆனா ஆறு துண்டை அவுகளே சனிக்கிழமை எனக்கு எடைக்குப் போட்டாக."

ரஃபியா குறுக்கே கேட்டாள். "எந்த ஆறு?"

"அதே கார்த் தரைதான். சும்மா போடல. கண்ணு முன்னாடி துண்டு துண்டா வெட்டணும்னு நின்னாக. நானும் வெட்டிப் போட்டேன். அந்த லோடு நேத்தே திருச்சிக்குப் போயிருச்சு."

"அசல் ஸ்டீல்" என்றாள் ரஃபியா. "நடுவர்கள் கேப்பாகளாம். ரசிக்கத் தெரிஞ்சவங்களுக்குத்தான் புரியுமாம்."

"புரிஞ்சுருச்சு" என்றாள் எஸ்தர். "அவருக்கு அந்தத் தகரம் வேண்டாம். வேற யார் கையிலயும் அது இருக்கக் கூடாது. அதுதான் வேணும். பூட்டி வச்ச காரோட தரையில பயப்பட என்ன இருக்கு?"

நூர் முகம்மது தாடியைத் தடவினார். "பூட்டி வச்ச காரா அது?"

"ஏன் பெரியத்தா?"

"பூட்டி வச்ச வண்டி மேலருந்து துருப்பிடிக்கும். கூரை ஒழுகி, மழைத்தண்ணி எறங்கி. இந்த ஆறு துண்டும் பரவலா, பழைய துருவாத்தான் இருந்துச்சு. பின்பக்கத் துண்டோட ஒரு ஓரம் மட்டும் கரையான் தின்ன மாதிரி அரிச்சிருந்துச்சு. அதுக்குப் பக்கத்துத் துண்டுதான் இல்லாமப் போனது. அங்கன ஏதோ கொட்டியிருக்கு. தண்ணி இப்படி அரிக்காது."

*

வேனில் ஏறியதும் ரஃபியா மறுபடி "ஆ!" என்றாள்.

எஸ்தர் சாவியைத் திருகாமல் அவள் பக்கம் திரும்பினாள்.

"ரஃபியா. நீ ஒரு டிங்கர். ஒரு தகரத்தை ஒளிக்கணும். எங்க ஒளிப்ப?"

"தகரத்துக்குள்ளதான்."

"உன் பட்டறையில வைக்க முடியாது. அங்கன ஒருத்தன் ஸ்டூலைப் போட்டு உக்காந்திருக்கான். கல்யாணத்துக்குப் போனவன் திரும்பி வர்றதுக்குள்ள, அது ரோட்டைத் தாண்டியிருக்கணும். அன்னைக்கு உன் பட்டறையிலிருந்து ரோட்டைத் தாண்டுன வண்டி எது?"

ரஃபியா தன் காலைப் பார்த்தாள். பிறகு மெதுவாக இரண்டு காலையும் தூக்கிச் சீட்டின் மேல் வைத்துக்கொண்டாள்.

"வெல்டிங் பண்ணாம ஸ்க்ரூ போட்டது..."

"நெருப்பு பட்டா, அதுல இருக்குறது அழிஞ்சு போகும். அவளுக்கு அவசரம் இல்ல. நமக்குத்தான் கண்ணு இல்ல. இறங்கு. ஸ்க்ரூ டிரைவர் வாங்கிட்டு வா."

மூன்று நாளாக ரஃபியா மிதித்துக்கொண்டு வந்த தகரம் ஐந்து நிமிடத்தில் கையில் வந்தது. மேல்முகம் துரு. ஒரு ஓரம் சல்லடை. லூர்து மேரி அதைத் தலைகீழாகப் பொருத்தியிருந்தாள்; காருக்குள் இருந்த முகம் இப்போது ரோட்டைப் பார்த்திருந்தது, அதன் மேல் கிரீஸ் தடவிப் பாலிதீன் தாள் ஒட்டியிருந்தது. அதைப் பிரித்தார்கள். ஒரு டிரம்மின் அடிப்பாகம் அளவுக்கு வட்டமாக ஒரு தடம். வட்டத்தின் விளிம்பில் மயில் கழுத்துப் பச்சை. அதை நகத்தால் சுரண்டினால், கீழே துருவின் நிறம் இல்லை. செம்புக் குடத்தைத் துலக்கினது போல ஒரு சிவப்பு மின்னியது.

"அக்கா!" ரஃபியாவின் குரலில் முதல் முறையாகக் கிண்டல் இல்லை. "இது மருந்து. திராட்சைக்கு அடிக்கிற மருந்து. எங்க மாமா தோட்டத்துல மயில்துத்தத்தையும் சுண்ணாம்பையும் கரைச்சு, அரிவாளை முக்கிப் பாப்பாக. அரிவாள்ல இப்படிச் செம்பு ஏறுச்சுன்னா சுண்ணாம்பு பத்தலைன்னு அர்த்தம். இன்னும் சுண்ணாம்பு போடுவாக. இல்லைன்னா இலை கருகிரும். இந்த ஊர்ல இதைத் தெரியாத கைப்பிள்ளைகூட இல்ல."

வட்டத்தின் நடுவே, டிரம் அழுத்தி ஒட்டிப்போன ஒரு பாலிதீன் துண்டு இருந்தது. மயில்துத்தப் பையின் கிழிசல். அதில் எழுத்து தெளிவாகத் தெரிந்தது. தயாரிப்பு: ஜூலை 2024.

மரிய ஜோசப்பை இடித்தது ஆகஸ்ட் 2024.

தரையில் திறந்த ஓட்டை வழியாகச் சின்னமனூர் ரோடு அவர்களைப் பார்த்தது.

*

"சொல்லியிருக்கலாம்ல?" என்றாள் எஸ்தர்.

மணி மூன்றேகால். லூர்து மேரி கைகளைத் துணியில் துடைத்தாள். "என்னத்தச் சொல்ல? நீங்க பெரிய துப்பறியுறவுக. வண்டிய எடுத்துட்டுப் போன அன்னைக்கே கண்டுபிடிச்சிருவீகன்னு நெனச்சேன். மூணு நாளா மிதிச்சுக்கிட்டே திரிஞ்சிருக்கீக. இன்னைக்கு வந்தீக, சரி, வந்துட்டாகன்னு பாத்தா, அந்தாளு பேரைச் சொல்லிக்கிட்டு வர்றீக."

இருபது வருட அனுபவமும் ஒரு ஸ்க்ரூவிடம் தோற்றிருந்தது.

"நேரா இன்ஸ்பெக்டர்கிட்டக் குடுத்திருக்கலாமேக்கா" என்றாள் ரஃபியா.

"குடுத்தா? 'இது என் காரோடது இல்ல, இவளே பையை ஒட்டிக் கொண்டாந்திருக்கா'ம்பாரு. மத்த ஆறையும் தொலைச்சாச்சு. ஒட்டிப் பாக்கக்கூட ஒண்ணும் இல்ல. என் சொல்லு எங்கன ஏறும்? அவரு வாயால இது என்னுதுன்னு சொல்லணும்."

எஸ்தர் சிரித்தாள். இந்த வழக்கில் அவளுக்கு வந்த முதல் உருப்படியான யோசனை அந்தச் சிரிப்பில்தான் பிறந்தது.

"அதுக்கு அவரை யாரும் கெஞ்ச வேண்டாம். ரஃபியா தப்பாப் பேசுனா போதும்."

வெளியே போய் ஒரு போன் பேசினாள்.

*

சரியாக நான்கு மணிக்கு விஜயகுமார் வந்தார். வழக்கம்போல வாசலில் கிடந்த இரும்பு ஸ்டூலில், அது தன் வீட்டு ஊஞ்சல் போல உட்கார்ந்தார். பட்டறை மூலையில், மஞ்சள் சுடிதார் போட்ட ஒரு பெண், நசுங்கின ஸ்கூட்டியைக் காட்டி லூர்து மேரியிடம் ஏதோ கேட்டுக்கொண்டிருந்தாள். விஜயகுமார் அவளைப் பார்க்கவில்லை. அவர் பார்க்காத பெண்களின் பட்டியல் நீளமானது.

எஸ்தர் தகரத்தைத் தரையில் வைத்தாள். மேல்முகம் மட்டும் தெரிந்தது. பச்சை வட்டம் கீழே.

அவர் எழுந்த வேகத்தில் ஸ்டூல் ஆடியது. "எங்கன இருந்துச்சு?"

"குப்பையில. ஆனா இது உங்களோடதான்னு சந்தேகமா இருக்கு" என்றாள் எஸ்தர். "இது வேற ஏதோ வேன் தரை மாதிரி..."

"வேன் தரையா!" அவர் தகரத்தின் மேல் விரலை ஓட்டினார். "இந்த மடிப்பைப் பாத்தியா? இந்த மூணு ஓட்டையப் பாத்தியா? பின்சீட்டு போல்ட்டு எறங்குற எடம். மகாராணியோட இடப்பக்கத் தரை இது. கண்ணை மூடிக்கிட்டுச் சொல்லுவேன்."

"அப்ப இந்தப் பேப்பர்ல எழுதிக் குடுத்துட்டு எடுத்துக்கங்க. பெறகு லூர்து மேரி எதையோ குடுத்து ஏமாத்திட்டான்னு பேச்சு வரக் கூடாதுல்ல?"

அவர் எழுதினார். வேகமாக, அழகான கையெழுத்தில். 'எனது காரின் பின்பக்க இடது தரைத் துண்டு. என் காரிலிருந்து வெட்டி எடுக்கப்பட்டது. சரிபார்த்துப் பெற்றுக்கொண்டேன்.' கீழே கையெழுத்து, தேதி. மூலையில் இருந்த மஞ்சள் சுடிதாரும் ரஃபியாவும் சாட்சிக் கையெழுத்துப் போட்டார்கள். சாட்சி யார் என்று அவர் படிக்கவில்லை.

அவர் குனிவதற்குள் ரஃபியா தகரத்தைப் புரட்டிப் போட்டாள்.

"அய்யய்யோ, அடியில ஒரே செவப்புக் கறை! யக்கா, பிரேக் ஆயில் ஊத்தியிருக்கு பாருங்க."

விஜயகுமாரின் முகம் ஒரு கணம் வெளுத்தது. பிறகு, பெண் ஒருத்தி தன் காரைப் பற்றித் தப்பாகப் பேசுகிறாள் என்ற எரிச்சல் அந்தப் பயத்தையும் மிதித்துக்கொண்டு மேலே வந்தது.

"பிரேக் ஆயில் பின்சீட்டுல எங்கருந்து வரும்?"

"அப்ப செவப்புப் பெயிண்ட்டா இருக்கும். இல்லைன்னா வெத்தலை எச்சி."

"கிறுக்கா உனக்கு? கம்பம் பள்ளத்தாக்குல பொறந்துட்டு இதுகூடத் தெரியாதா? மயில்துத்தம்! மருந்துல சுண்ணாம்பு பத்தலைன்னா இரும்புல இப்படித்தான் செம்பு ஏறும். டிரம் ஒழுகுனா..."

வார்த்தை அங்கே நின்றது. வீட்டுக்குள்ளிருந்து ரேடியோ சத்தம் மட்டும் கேட்டது. அதையும் யாரோ அணைத்தார்கள்.

"டிரம் ஒழுகுனா?" என்றாள் எஸ்தர். "சொல்லுங்கய்யா. தொண்ணூத்தெட்டுல பூட்டுன காருக்குள்ள டிரம் எப்ப வந்துச்சு?"

"அது... அப்பா காலத்துல. அப்பா தோட்டத்துக்கு..."

"உங்கப்பா தொண்ணூத்தெட்டுல தவறுனாக. இந்தப் பையில ஜூலை ரெண்டாயிரத்து இருபத்து நாலுன்னு போட்டிருக்கு. போன வருச ஆகஸ்ட்டுல தோட்டத்துல நோய் விழுந்துச்சு. மருந்தடிக்க டிராக்டர் கிடைக்கல. பெரிய வீட்டு மனுசன் மருந்து டிரம் சுமக்குறதை ஊர் பாக்கக் கூடாது. அதனால விடியறதுக்கு முந்தி மகாராணியில ஏத்துனீக. சரியா?"

"எவனாவது என் காரை எடுத்துட்டுப் போயிருப்பான்! எனக்கு என்ன தெரியும்?"

"எடுத்திருப்பான்யா" என்றாள் ரஃபியா அன்பாக. "எந்தச் சாவியால?"

விஜயகுமாரின் கை அவருடைய அனுமதி இல்லாமலே கழுத்துக்குப் போனது.

மஞ்சள் சுடிதார் முன்னால் வந்தது. "உத்தமபாளையம் இன்ஸ்பெக்டர் அனுசுயா. கார் ஷெட்டை விட்டு நகரவே இல்லைன்னு போன வருசம் எழுதிக் குடுத்தீங்கள்ல, அந்தப் பேப்பர் எங்கிட்ட இருக்கு. இன்னைக்கு எழுதுனதும் இருக்கு. ரெண்டையும் பக்கத்துல வச்சுப் படிக்கலாம். சம்பவ இடத்துல பொறுக்குன லைட்டுக் கண்ணாடியும் ஸ்டேஷன்ல இருக்கு. மகாராணிக்கு இடது லைட்டு மட்டும் ஏன் புதுசா மின்னுதுன்னும் பேசலாம். மரிய ஜோசப் கேஸ் திங்கக்கிழமை மூடாது. வாங்க."

விஜயகுமார் எல்லாரையும் மாறி மாறிப் பார்த்தார். பெண்களின் முகத்தை அவர் நேராகப் பார்த்தது அன்றுதான்.

"மரிய ஜோசப்பா? அது யாரு?"

அவர் நடிக்கவில்லை. உண்மையிலேயே தெரியவில்லை. இடித்தது ஒரு சைக்கிளை என்று மட்டும்தான் அவருக்கு ஞாபகம். அதன் மேல் இருந்தவனுக்கு ஒரு பெயர் இருக்கும் என்று இந்தப் பதினைந்து மாதத்தில் அவருக்குத் தோன்றவே இல்லை.

லூர்து மேரி சுத்தியலைக் கீழே வைத்தாள்.

"ஒம்பது நாளா ஒரு ஸ்டூல்ல உக்காந்து எனக்கு வேலை சொல்லிக் குடுத்தீகள்ல? அவுக உக்காந்து வேலை பாத்த ஸ்டூலு அது."

விஜயகுமார் ஸ்டூலைப் பார்த்தார். பிறகு ஜீப் வந்தது.

"மேடம்" என்று லூர்து மேரி இன்ஸ்பெக்டரைக் கூப்பிட்டாள். "காருக்கு இன்னும் தரை போடல. புதுத் தகடு வெட்டி வச்சிருக்கேன்."

"போட வேண்டாம். இனி அது சாட்சி. அப்படியே தூக்கிட்டுப் போய் ஸ்டேஷன் வாசல்ல போடுவோம்."

"மழையிலயா?"

"ஷெட்டு இல்லையே."

ரஃபியா மகாராணியின் கதவைத் தட்டினாள். "கவலைப்படாத ஆத்தா. கேஸ் முடியுறதுக்குள்ள உனக்குக் கூரையும் இருக்காது."

ஜீப் போனதும் லூர்து மேரி வீட்டுக்குள் போனாள். உள்ளே தாழ்ந்த குரலில் அவள் ஏதோ சொல்வது கேட்டது. வெளியே வந்தபோது அவள் கண் சிவந்திருந்தது. கையில் மகாராணிக்காக வெட்டி வைத்திருந்த புதுத் தகடு.

"வண்டிய உள்ள விடுங்க" என்றாள் எஸ்தரிடம்.

"எதுக்கு?"

"ஓட்டையோடயா வீட்டுக்குப் போவீக? துப்பறியுறவுக வேற. கீழ கிடக்குற ரோடே கண்ணுக்குத் தெரியாது."

ரஃபியா காலை நீட்டி, கிழிந்த செருப்பைக் காட்டினாள். "யக்கா, இந்தத் தடவை ஸ்க்ரூ..."

லூர்து மேரி நெற்றியில் இருந்த கறுப்புக் கண்ணாடியைக் கண்ணுக்கு இறக்கினாள். கேஸைத் திறந்து நெருப்பைப் பற்ற வைத்தாள்.

"இனி எதுக்கு ஸ்க்ரூ?"